பக்ருதீன் கை வைத்த பெட்டிகள்

"செஞ்சிக்குள்ள கரண்டு ஓடற பொருள் எதுவானாலும் சரி, நான் கைய வெச்சேன்னா அது சாவற நாள சொல்லிடுவேன். இதுவரைக்கும் ஒண்ணு கூட நான் சொன்ன நாளத் தாண்டினதில்ல. இனிமேலும் தாண்டாது."

இந்த அறிவிப்பை பக்ருதீன் 1986ஆம் வருஷம் சித்திரை மாதத்து உச்சி வெயிலில், தன் ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் நின்று வெளியிட்டார். அப்போது அங்கே மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரும், மிக்சிக்காரருக்குத் துணையாக வந்த ஒருவரும், ஓர் ஆடும் இருந்தனர். ஆடு பாதியில் போய்விட்டது. மற்ற இருவரும் முழுவதையும் கேட்டுக்கொண்டு, மிக்சியை அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். செஞ்சியில் யாரும் அப்போது பக்ருதீன் கையில் எதையும் கொடுப்பதில்லை.

அப்படிப்பட்ட கீர்த்தி ஒரு ரேடியோ மெக்கானிக்குக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

பக்ருதீனின் அத்தா அமீர் ஜான் கல்யாணங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விட்டவர். திருவண்ணாமலை ரோட்டில் கடை கட்டும்போது பின்சுவருக்கு ஆகும் செங்கல்லை மிச்சம் பிடிக்க, அங்கே கிடந்த ஆளுயரப் பாறை ஒன்றையே சுவராக வைத்துக்கொண்டு மற்ற மூன்று பக்கத்தை மட்டும் எழுப்பினார். சிக்கனமான யோசனைதான். ஆனால் அந்தப் பாறை பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும். பொழுது சாய்ந்த பிறகு குடித்ததைக் கடைக்குள் கக்கும். மழைக்காலம் தவிர மற்ற நாளில் அதில் முதுகைச் சாய்க்க முடியாது. ஊரைச் சுற்றி மலை மலையாக இதே பாறைதான். கோட்டையைக் கட்டியவர்கள் பெயரெல்லாம் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாறைகளை இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக, இப்போது விழுமோ அப்புறம் விழுமோ என்று அடுக்கியது யார் என்பது எந்தப் பலகையிலும் இல்லை.

பக்ருதீன் வாலிபத்தில் அம்பத்தூரில் ஒரு ரேடியோ கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே அவருக்குக் கொடுத்த இடம் அடுப்பறை. சமையல் நடக்கும் இடமல்ல. இரும்பாலான ஓர் அறை. புதிதாகச் செய்த ரேடியோக்களை நூறு நூறாக அதற்குள் அடுக்கி, கரண்டு கொடுத்து, கதவைச் சாத்தி, சூடு ஏற்றுவார்கள். எல்லா ரேடியோவும் ஒரே குரலில் 'ம்' என்று முனகிக்கொண்டிருக்கும். பக்ருதீன் வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, எது நின்று போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நூறு முனகலில் ஒன்று நிற்கும்போது மற்றவை நிற்காது. ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிடும். முதுகுத்தண்டில் ஓர் இடம் சில்லென்று ஆகும். நிமிர்ந்து பார்த்தால் ஏதோ ஒரு வரிசையில் ஒரு விளக்கு அணைந்திருக்கும்.

அந்த அடுப்பறை இன்ஜினியர் அவருக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தார். ஒன்று, சூடு பத்து டிகிரி ஏறினால் பெட்டிக்குள் இருக்கும் சாமானின் ஆயுசு ஏறக்குறைய பாதியாகும். இரண்டு, நூறு பெட்டியில் இத்தனை போகும் என்று கணக்குப் போடலாம். எந்தப் பெட்டி, என்றைக்கு என்று ஒருநாளும் சொல்ல முடியாது, சொல்கிறவன் சோசியன். அத்தா மவுத்தாகி, அடக்கத்துக்கு வரச் சொல்லிச் செய்தி வந்து பக்ருதீன் ஊருக்குத் திரும்பியபோது முதல் விஷயத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டாவது விஷயத்தை, பஸ்ஸில் ஜன்னலோரம் சீட்டு கிடைத்த சந்தோஷத்தில், அம்பத்தூரிலேயே விட்டுவிட்டார்.

செஞ்சிக்கு வந்ததும் அவர் ஒரு பெரிய அநியாயத்தைக் கண்டுபிடித்தார். கம்பெனிகள் பெட்டிக்குப் போடுகிற ஆயுசுக் கணக்கெல்லாம் இருபத்தைந்து டிகிரிச் சூட்டுக்கு. செஞ்சியில் இருபத்தைந்து டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில் பால்காரர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அடுப்புக்குப் பக்கத்தில் டிவி வைக்கிற ஊர் இது. டிவி மேல் பூப்போட்ட துணி விரித்து, அதன்மேல் பொம்மை வைத்து, பொம்மைக்கு ஒரு தொப்பியும் போடுகிற ஊர். ஆகவே அவர் கம்பெனிக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு, செஞ்சிக் கணக்கு என்று ஒன்றை உண்டாக்கினார்.

அதற்குக் கருவி அவருடைய உள்ளங்கைதான். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் முதுகில் கையை வைத்து ஏழாம் வாய்ப்பாட்டை மெல்லச் சொல்வார். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு. வாய்ப்பாடு முழுவதும் முடிகிறவரை கை தாங்கினால் பெட்டி சுகம். ஐயேழு முப்பத்தஞ்சில் கை தெறித்தால் சூடு இன்ன டிகிரி, ஈரேழிலேயே தெறித்தால் இன்ன டிகிரி. அதிலிருந்து ஆயுசைப் பாதி, பாதியில் பாதி என்று மடித்துக்கொண்டே போய் ஏதாவது ஒரு மாதத்தின் பெயரில் வந்து நிறுத்துவார். கணக்கு என்னவோ கணக்குத்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், பாய் பெட்டிமேல் கை வைக்கிறார், கண்ணை மூடுகிறார், உதடு மட்டும் அசைகிறது, திடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு ஒரு நாள் சொல்கிறார். அது வாய்ப்பாடு என்று அவரும் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

முதலில் போனது இட்லிக்கடை அம்மாக்கண்ணுவின் டிவி. ஆடியைத் தாண்டாது என்றார், தாண்டவில்லை. அடுத்து அவலூர்பேட்டை ஜவுளிக்கடைக்காரருடையது. தீபாவளி பார்க்காது என்றார். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், செய்தி வாசிக்கிற அம்மாளின் குரல் போய் வாய் மட்டும் அசைந்தது. பிறகு முகம் நாலு பக்கமும் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி, கறுத்த கண்ணாடி நடுவில் நின்றது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து வீட்டாரைப் பார்த்ததாம். மேல்சித்தாமூரில் நல்லெண்ணெய் மாதிரி சுத்தமாக வியாபாரம் செய்யும் ஒரு சமண நயினார் வீட்டு டேப் ரிக்கார்டர் சாகும்போது, பாடிக்கொண்டிருந்த பெண்பிள்ளைக் குரல் மெல்ல மெல்லத் தடித்து, ஆண்குரலாகி, அப்புறம் எந்தப் பிராணியின் குரல் என்று சொல்ல முடியாததாகி நின்றது. மூன்றும் பாய் சொன்ன மாதத்தில்.

அதற்குப் பிறகு செஞ்சி அவரைப் பார்க்கும் பார்வை மாறியது. பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறையை அவர் கையில் வைக்காமல் சீட்டின்மேல் வைத்தார். பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளும்போது அவருக்கு மட்டும் தூரத்திலிருந்து சலாம் வந்தது. தெருவில் அவர் யார் வீட்டுப் பிள்ளையின் தலையையாவது தடவப் போனால் தலை தானாகக் குனிந்து நழுவியது. இதில் பக்ருதீனுக்கு முதலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வீட்டுக்குள்ளும் அது வந்தபோதுதான் உறுத்தியது. ஒருநாள் வியர்த்துக் கிடந்த மனைவி சாஜிதாவின் நெற்றியில், ஜுரமோ என்று கை வைக்கப் போனார்.

"எதுக்கு," என்று அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அடுப்படியில நின்னா சுடத்தான் செய்யும். நாளு கீளு சொல்லிடாதீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிடித்த கையை விட்டதும் தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானங்களில் அவருக்கு ஒரு விசித்திரம் நேர ஆரம்பித்தது. செஞ்சியில் உச்சிப்பொழுதுக்குத் தெருவில் ஒரு காக்கை இருக்காது. வெளிச்சம் மட்டும் நின்றுகொண்டிருக்கும். கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, வீடுகளுக்குள் ஓடும் ஃபேன், ரேடியோ, தறி, மாவு மிஷின் எல்லாம் சேர்ந்து ஒரே முனகலாகக் காதில் விழும். சுற்றிலும் பாறை. மேலே மூடியில்லாத சூடு. அம்பத்தூர் அடுப்பறைக்கு உள்பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு அப்போது தெரிந்தது. வெளியே யாரோ ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்த முனகல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுபோலப் பிடரி கூசும். அண்ணாந்து பார்ப்பார். கோட்டை மலை ராஜகிரியின் உச்சியில் கட்டடத்து ஓட்டை ஒன்று கண்ணாடி மாதிரி மின்னும்.

இந்த நிலைமையில்தான் சித்திரை மாதத்து அறிவிப்பு. புரட்டாசியில் அதற்கு விலை கேட்டு ஆள் வந்தது.

வந்தது ரைஸ் மில் ஆதிமூலத்தின் ஆள். ஆதிமூலம் ஊரில் பெரிய புள்ளி. குரலை உயர்த்தாமலே நாலு தெரு நடுங்க வைக்கும் ஆசாமி. அவருக்கு நெஞ்சு திடீர் திடீரென்று நின்று நின்று அடித்ததில் மயங்கி விழுந்து, மெட்ராஸ் கொண்டுபோய், தோள்பட்டைக்குக் கீழே தோலைக் கிழித்து ஒரு மின்சாரப் பெட்டியை உள்ளே வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். நெஞ்சு மறந்துபோனால் அது ஞாபகப்படுத்துமாம். செஞ்சியில் அப்படி ஒரு பெட்டி அதற்கு முன் யாருக்கும் இல்லை.

பக்ருதீன் போனபோது மத்தியானம். ஆதிமூலம் நாற்காலியில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பொடி டப்பா அளவில் தோலுக்கடியில் ஒரு புடைப்பு. பக்கத்தில் அவர் மனைவி அமிர்தவல்லி, மில் ஆட்கள், தூணுக்குத் தூண் சொந்தக்காரர்கள்.

"இதுலயும் கரண்டுதான ஓடுது பாய்," என்றார் ஆதிமூலம். "டாக்டருங்கோ வருசக் கணக்குல சொல்றாங்கோ. அதெல்லாம் மெட்ராஸ் கணக்கு. நீ செஞ்சிக் கணக்கு சொல்லு."

பக்ருதீன் தப்பிக்கத்தான் பார்த்தார். இது வேற மாதிரிப் பெட்டி, மூடி முத்திரை போட்டது, தனக்குப் பழக்கமில்லை என்றெல்லாம் சொன்னார். ஆனால் ஆதிமூலத்தின் வீட்டு டிவிக்கும் பாய் நாள் சொல்லி, அது அதன்படியே போயிருந்தது. சாட்சி கூடத்து மூலையில் துணி போர்த்தி நின்றது. எல்லாக் கண்ணும் பக்ருதீனின் கையைப் பார்த்தன. கை போய் நெஞ்சில் உட்கார்ந்தது.

ஓரேழு ஏழு. டப்பா சத்தமே போடவில்லை. அதற்குக் கீழே நெஞ்சு அடித்தது. ஐயேழு முப்பத்தஞ்சு. கை தெறிக்கவில்லை. வாய்ப்பாடு முடிந்தது, கை அப்படியே இருந்தது. எத்தனையோ பெட்டிகளின் முதுகிலிருந்து தெறித்த கைக்கு, தெறிக்காத இடத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. பத்து டிகிரியும் இல்லை, பாதியும் இல்லை, மடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. அந்த வெறும் இடத்தில், முதுகுத்தண்டில் பழைய சில்லிப்பு ஒன்று ஏற, அவர் வாய் அவரைக் கேட்காமல் பேசியது.

"தை அமாவாசை."

யாரும் அழவில்லை. அமிர்தவல்லி மட்டும் எழுந்து போய், வெயில் வந்துகொண்டிருந்த ஜன்னலைச் சாத்தினாள்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று பக்ருதீன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். கணக்கில்லாமல் அவர் ஒரு நாளும் நாள் சொன்னதில்லை. சாஜிதாவிடம் சொன்னபோது அவள் சோறு போடுவதை நிறுத்தி, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மில் நின்றது. அது ஓடினால் தரை அதிரும். அதிர்ந்தால் பெட்டி கழன்றுவிடும் என்று ஆதிமூலம் உத்தரவு. கார்த்திகையில் அவர் உள்ளறைக்குள் போய்விட்டார். ஜன்னலெல்லாம் சாத்தி, பெட்டிக்குக் குளிர் ஏறக் கூடாதென்று கம்பளி போர்த்தி, தலைமாட்டில் விளக்கேற்றி, மூச்சைக்கூடச் சிக்கனமாக விட்டுக்கொண்டு கிடந்தார். மில் சத்தம் இல்லாத ஊரில் மத்தியானத்து முனகலில் ஒரு பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. பக்ருதீனுக்கு அந்த ஓட்டை நாள் முழுக்கக் கேட்டது.

மார்கழி பிறந்ததும் ஒருநாள் அமிர்தவல்லி கடைக்கே வந்தாள். அந்த வீட்டுப் பெண்கள் கடைத்தெருவில் தனியாக நடந்து யாரும் பார்த்ததில்லை. வந்தவள் உட்காரவில்லை. டாக்டர் இவரைத் தினம் நடக்கச் சொல்லியிருக்கிறார், நன்றாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்றாள். இவரோ எழுந்து நின்றே வாரக்கணக்கு ஆகிறது, கஞ்சிகூட இறங்குவதில்லை, அறைக்குள் போனால் ஆவி அடிக்கிறது, பாதி ஆளாக வற்றிப்போய்விட்டார் என்றாள்.

"நீங்க சொன்ன நாளு வரைக்கும் கூட தாங்க மாட்டாரு பாய். பெட்டி நல்லாத்தான் இருக்குது. சுத்தி இருக்கற மனுசன்தான் போய்க்கினு இருக்காரு."

பக்ருதீன் தலையைக் குனிந்துகொண்டார். போகத் திரும்பியவள் நின்று, மனசில் இருந்ததை ஒரு புகாராகக்கூட இல்லாமல் சொன்னாள்.

"அந்த டிவிக்கும் இப்டித்தான் செஞ்சோம். நீங்க நாளு சொன்னதும் பயந்து, கம்பளி போத்தி, பீரோக்குள்ள வெச்சி, முன்னால காமாட்சி வெளக்கு ஏத்தி, கண்ணுல வெச்சிப் பாத்துக்கினோம். அப்பயும் நீங்க சொன்ன மாசம்தான் போச்சி."

அவள் படியிறங்கிப் போனாள். பக்ருதீனின் முதுகுக்குப் பின்னால் பாறை சுட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் கடையைச் சாத்திக்கொண்டு கிளம்பினார். அம்மாக்கண்ணு கடையில், செத்த டிவியைப் பார்க்க வேண்டும் என்றார். அவள் பட்டுத்துணியை நீக்கிக் காட்டினாள். பாய் நாள் சொன்ன அன்றைக்கே திருஷ்டிக்கு அந்தத் துணியைப் போர்த்தினாளாம், சாகிறவரை எடுக்கவே இல்லையாம். முதுகுப்பக்கம் காற்று போகிற துவாரமெல்லாம் கற்பூரக் கரி அடைத்திருந்தது. அவலூர்பேட்டைக்குப் போனார். ஜவுளிக்கடைக்காரர் வேறு ரகம். எப்படியும் போகப் போகிறது, அதற்குள் முழுசாகப் பார்த்துவிடலாம் என்று ஒளிபரப்பு தொடங்குவதிலிருந்து முடிகிறவரை, நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் வெறும் கோடுகளைக்கூட, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மேல்சித்தாமூர் நயினார் வீட்டிலும் அதே கதை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் தப்பு செய்யவில்லை. பக்ருதீன் ஒரு நாள் சொன்னார். அந்த நாளுக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதை எல்லாரும் அன்போடு செய்து முடித்தார்கள்.

அதாவது, அவர் கையை வைத்து அளந்தது ஒரு சூட்டை. பெட்டி வாழ்ந்தது வேறொரு சூட்டில். அந்த இரண்டாவது சூடு அவர் வாயிலிருந்து பிறந்தது. அதைச் செஞ்சிக் கணக்கில் அவர் சேர்க்கவே இல்லை; ஆனால் கணக்கைச் சரியாக வரவைத்ததே அதுதான். பஸ்ஸில் திரும்பும்போது அம்பத்தூர் இன்ஜினியர் சொன்ன இரண்டாவது விஷயம், அத்தனை வருஷம் கழித்து, பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது.

நேராக மில் வீட்டுக்குப் போய், கம்பளிக்குள் கிடந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னார். வாய்ப்பாட்டைக்கூட உரக்க ஒரு தடவை ஒப்பித்துக் காட்டினார். அந்த நாள் கணக்கில் வந்தது இல்லை, வாயில் வந்தது என்றார். விளக்கு வெளிச்சத்தில் ஆதிமூலத்தின் கண் மட்டும் தெரிந்தது.

"இவ வந்து அழுதாளா," என்றார். "நல்ல மனசு பாய் உனக்கு. ஆனா நீ நாளு சொல்லி எத்தினி போச்சி? ஒண்ணு தப்பிச்சிருக்குதா? ஒண்ணே ஒண்ணு காட்டு. நான் எழுந்து நடக்கறேன்."

தப்பித்தது ஒன்றும் இல்லை. இன்னும் சாகாதது ஒன்று இருந்தது.

மில் வீட்டுக்கு எதிரே ஊர்ப் பொது டிவி. ஓர் அறையில் மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வாட்ச்மேன் ராஜாராமிடம். பக்ருதீன் ஆவணியில் அதன்மேல் கை வைத்து, போகிக்கு அடுத்த நாளை அது பார்க்காது என்று சொல்லியிருந்தார். அந்தச் செய்தி கிடைத்ததும் ஊர் செய்த ஏற்பாடுகள் விஸ்தாரமானவை. இதன் இடத்தில் கலர் டிவி வாங்கித் தருவதாக ஒரு பிரமுகர் மேடையிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். ராஜாராம் ஜமுக்காளத்தை மடித்துப் போர்த்தி மாலை போட்டுவிட்டான். படம் இரண்டு பக்கமும் சுருங்கி, மூக்கு நீண்ட மனிதர்கள் அதில் பேசிக்கொண்டிருந்தார்கள். கலர் டிவிக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சுருக்கம் தினமும் ஓர் ஆறுதல்.

ஆதிமூலம் நிபந்தனை வைத்தார். உள்ளே ஒரு சாமானும் மாற்றக் கூடாது. மாற்றினால் அது வேறு பெட்டி. ராஜாராம் கூடவே இருக்க வேண்டும்.

அன்றைக்கே பக்ருதீன் ஜமுக்காளத்தையும் மாலையையும் எடுத்தார். மரப்பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். டிவியைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்து, தன் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதன் முதுகுக்கு வைத்தார். சாஜிதா கேட்டதற்கு, ஒரு நோயாளிக்கு என்றார். மார்கழியில் விசிறி கேட்கிற நோயாளி யார் என்று அவள் கேட்கவில்லை.

தினமும் நிகழ்ச்சி முடிகிறவரை அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். மடியில் கை. அதை அவர் பெட்டிமேல் வைக்கவே இல்லை. வைத்தால் என்ன வருமோ என்று பயம்.

"சாவற உசுருக்கு விசிறி விடறியே பாய்," என்றான் ராஜாராம். "நீயே நாளு சொல்லிட்டு நீயே காவலும் இருக்கற. எமன் கூட இப்டி ரெண்டு உத்தியோகம் பாக்க மாட்டான்."

அது நாளைத் தாண்டுமா என்று பக்ருதீனுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கம் சுருங்கிய பெட்டி. உள்ளே கண்டென்சர் என்ற சாமான் சூட்டில் காய்ந்துகொண்டிருக்கும். காற்று கொடுத்தால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நூறு பெட்டி இப்படி இருந்தால் எத்தனை பிழைக்கும் என்று அவரால் சொல்ல முடியும். இந்த ஒரு பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தார், அம்பத்தூரில் உட்கார்ந்ததைப்போல. அங்கே அவர் ஒரு முனகல் நிற்பதற்காகக் காத்திருந்தார்; இங்கே நிற்காமல் இருப்பதற்காக.

போகியன்று காலையில் ஊர் முழுக்கப் பழையது எரிந்த புகை பாறைகளுக்கு நடுவில் வெளியேற வழியில்லாமல் நின்றது. சாயங்காலம் அறைக்குள்ளும் வெளியிலும் கூட்டம். சாகக் கிடக்கிறவரைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள்போல எல்லாரும் மெல்லப் பேசிக்கொண்டார்கள். அம்மாக்கண்ணு சுண்டல் விற்றாள். எதிர்வீட்டு உள்ளறை ஜன்னல் சாத்தியே இருந்தது. ஆனால் அதன் இடுக்கில் விளக்கு வெளிச்சத்தை ஏதோ ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது.

நீண்ட மூக்குக்காரர் ஒருவர் விவசாயம் பற்றிப் பேசினார். அப்போது படம் நடுங்கி, சுருங்கி, வெள்ளைப் புள்ளியாகி, புள்ளியும் போயிற்று. கூட்டத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. பிறகுதான் ராஜாராம், ஃபேனும் நின்றிருக்கிறது, தெரு விளக்கும் இல்லை, கரண்டு கட் என்று சொன்னான்.

இருட்டில் யாரும் கலையவில்லை. பக்ருதீன் அந்தக் கறுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருடைய முகம் இருந்ததா, வேறு யாராவது உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று அவரால் சொல்ல முடியவில்லை. கரண்டு வந்தது. தெரு விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. டிவி வரவில்லை. யாரோ கையைத் தட்டத் தொடங்கினார்கள். பக்ருதீனின் முதுகுத்தண்டு சில்லென்று ஆகக் காத்திருந்தது. ஆகவில்லை. கண்ணாடி நடுவில் ஒரு புள்ளி வந்தது. அது நின்று பார்த்தது. பிறகு மெல்ல, தயங்கித் தயங்கி, ஒரு மூக்காக நீண்டது.

பொங்கலன்றும் அது ஓடியது. மாட்டுப் பொங்கலன்றும் ஓடியது.

ஊருக்குப் பக்ருதீன் மேல் ஏற்பட்ட கோபம் நியாயமானதுதான். கலர் டிவி போயிற்று. வாக்குக் கொடுத்த பிரமுகர், பழையதே நன்றாக ஓடும்போது புதியதற்கு என்ன அவசரம் என்று கேட்டுவிட்டார். பாயின் கையில் இருந்தது போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். கண்டக்டர் சில்லறையை அவர் உள்ளங்கையிலேயே வைத்து, பார்க்காமல் நகர்ந்தார். கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். எதிர்வீட்டில் முதலில் ஜன்னல் திறந்தது. சில நாள் கழித்துக் கம்பளி கொடியில் காய்ந்தது. மில் மட்டும் ஓடவில்லை. தை அமாவாசை இன்னும் பாக்கி இருந்தது.

அமாவாசையன்று மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்கள் காலையிலிருந்தே படியில் ஆள் தொங்கப் போய்க்கொண்டிருந்தன. மத்தியானம் ஒன்று போய் இன்னொன்று வருவதற்குள் ரோடு வெறிச்சென்று ஆன நேரத்தில், வெயிலில் ஒருவர் தனியாக நடந்து வந்தார். சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்ததால், நிழலே இல்லாமல் வருவதுபோல இருந்தது. ஆதிமூலம் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"இன்னிக்குத்தான நாளு," என்றார். "கைய வெச்சிப் பாரு."

பக்ருதீன் கையை வைத்தார். வெயிலில் நடந்து வந்த தோல் சுட்டது. அதற்கடியில் டப்பா, அதற்கும் அடியில் நெஞ்சு. வெளியே ஊர் முனகிக்கொண்டிருந்தது. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு. ஏழேழு நாப்பத்தொம்பது. வாய்ப்பாடு முடிந்தது. கை அங்கேயே இருந்தது. அப்போது, கணக்கு எதுவும் இல்லாத அந்த வெறும் இடத்திலிருந்து, ஒரு மாதமும் ஒரு திதியும் புறப்பட்டு அவர் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. உப்புக் கரித்தது. அவர் அதை மெல்ல விழுங்கினார்.

"இன்னா சொல்லுது?"

"தெரியல மொதலாளி," என்றார் பக்ருதீன். "எனக்கு ஒண்ணும் தெரியாது."